அணைந்தது என்று எழுதும் கட்டம்

சேதராப்பட்டில் எங்கள் கூடத்துக்கு வந்த பழைய ரிலே
பயிற்சி விமானம் ஒன்றின் வயிற்றிலிருந்து கழற்றியது.
மூடியை அறுத்துத் திறந்தேன்.
வெள்ளித் தொடுமுனைகள் இரண்டும்
அம்மைத் தழும்பு முகமாய்க் குழிந்திருந்தன.
ஒவ்வொரு குழியும் ஒரு பொறி.
ஒவ்வொரு பொறியும்
சக்கரத்தை இறக்கச் சொல்லி யாரோ கேட்ட ஒரு தடவை.

"பாதி உப்புக்காத்து தின்னது" என்றாள் அமலோற்பவம்,
மேசை விளக்கைத் தாழ்த்தி.
மணி இரண்டாகியும்
நாங்கள் இன்னும் தின்னவில்லை.

பதிலுக்கு நாங்கள் செய்திருப்பது
கட்டைவிரல் நகத்தளவு சிலிக்கான்.
அதில் அசைவது எதுவுமில்லை.
சுருள்வில் இல்லை, நெம்புகோல் இல்லை,
ஒருமுறை தொட்டதை
ஏழுமுறை தொட்டதாய்த் துள்ளிப்
பொய் சொல்லும் தகடு இல்லை.
லட்சம் முறை போட்டு அணைத்தோம்,
ஒரு ராத்திரி, ஒரு பகல், இன்னொரு ராத்திரி.
எண்ணும் கருவியைத் தவிர
யாருக்கும் கேட்கவில்லை.

சான்றளிக்க வந்த மரைக்காயர் மட்டும்
காதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.
பரங்கிப்பேட்டைக்காரர்.
'டிக்' கேட்டால்தான் கையெழுத்து.
"போட்டாச்சா?"
"போட்டாச்சு."
"அணைச்சாச்சா?"
"அணைச்சாச்சு."
"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே" என்றார்,
குறையாக அல்ல,
விருந்துக்குப் போன வீட்டில்
கை கழுவ இடம் கேட்பவர் போல.

அப்போது கரண்ட் போனது.

கூடம் முழுக்க இருட்டு.
சோதனை மேசைக்கு மட்டும் பாட்டரி.
கண் பழகப் பழக
நாங்கள் அணைத்திருந்த விளக்கு
எரிந்துகொண்டிருந்தது.

எரிந்தது என்றும் சொல்ல முடியாது.
நேராகப் பார்த்தால் காணாமல் போய்
ஓரக்கண்ணுக்குத் திரும்பி வரும்
ஒரு பச்சை.

அமலோற்பவம் மீட்டரை வைத்தாள்.
நாற்பது மைக்ரோ ஆம்பியர்.
கசிவு.

பழைய ரிலேக்கு அணைவது என்றால்
நடுவே காற்று.
மயிரிழைதான், ஆனாலும் காற்று.
இருபத்தெட்டு வோல்ட்டால் அதைத் தாண்ட ஆகாது.
எங்களுடையதில் இடைவெளி என்று ஒன்றில்லை.
அது மறுக்கிறது,
மறுத்துக்கொண்டே கொஞ்சம் விடுகிறது.

தயாரித்தவன் தந்த தாளில் பதினோராம் பக்கம்,
சின்ன எழுத்தில் இருந்தது.
நானே மஞ்சள் கோடு போட்டிருந்தேன்.
தெரியும்.
பார்த்ததில்லை.

அதே பக்கத்தில் இன்னொன்றும் தெரியும்:
பழசு ஒட்டிக்கொண்டு சாவதும் உண்டு,
இது செத்தால் பெரும்பாலும் அப்படித்தான்,
பிடித்த கையை விடாமல்.
அதற்காகவே வரிசையில் இரண்டு வைத்தோம்,
ஒன்றை ஒன்று நம்பாத இரண்டு.

விளக்குக்கு இணையாக ஒரு மின்தடை சேர்த்தோம்.
இரண்டு ரூபாய்.
கசிவது இப்போதும் கசிகிறது.
போக வேறு வழி கிடைத்ததால்
விளக்கைத் தொந்தரவு செய்வதில்லை.

படிவத்தில் ஒரு கட்டம்:
அணைந்த நிலையில் மின்னோட்டம்.
பழைய படிவங்கள் அத்தனையிலும் பூஜ்யம்.
மரைக்காயர் பேனாவைத் திறந்து
என் முகத்தைப் பார்த்தார்.
நாற்பது, என்றேன்.
எழுதினார்.
கார் வரைக்கும் போனவர்
அலகு எழுத மறந்தேன் என்று
திரும்பி வந்து எழுதிவிட்டுப் போனார்.

லாஸ்பேட்டை வழியாக ஸ்கூட்டரில் வருகையில்
சாயங்கால விமானம் தலைக்கு மேல் இறங்கியது,
சக்கரங்களை நீட்டிக்கொண்டு.
எந்த 'டிக்'கும் கேட்கவில்லை.
சாலையில் நிற்பவளுக்கு
என்றைக்குமே கேட்டதில்லை.

முத்தியால்பேட்டை வீட்டில்
படுக்கப் போகும்முன் எல்லாவற்றையும் அணைத்தேன்.
கண் பழகும்வரை நின்றேன்.
டிவியின் சிவப்பு.
இன்வெர்ட்டரின் நீலம்.
கொசு மருந்துக்கு ஒரு பொட்டு.
சமையலறையில் ஏதோ ஒன்று,
என்னவென்று போய்ப் பார்க்கவில்லை.